விடைத்தாள் திருப்பித் தரும் நாளில் ஒரு பாடம்

ஒன்பதாம் வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும் நாள் மற்ற நாள்களைப் போல் இருப்பதில்லை. கட்டைக் கையில் பிடித்தபடி ஆசிரியர் உள்ளே நுழைந்ததுமே வகுப்பின் சத்தம் மாறிவிடும். முதல் பெஞ்சில் ஒருத்தி உள்ளங்கையைச் சீருடையில் துடைத்துக்கொள்வாள். கடைசி பெஞ்சில் ஒருவன் தேவைக்கு அதிகமாகச் சிரிப்பான். தாள் கைக்கு வந்ததும் சிலர் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு, நான்காக மடித்துப் பையின் அடியில் செருகிவிடுவார்கள். எந்தக் கேள்வியில், எதனால் மதிப்பெண் போனது என்று பார்ப்பதே இல்லை. நாம் இரண்டு இரவு உட்கார்ந்து திருத்திய தாள் அது.

வளரிளம் பருவத்தினருக்கு மனவிழிப்பும் தன்பரிவும் கற்பிக்க வேண்டும் என்ற பேச்சு ஆசிரியர் பயிற்சிகளில் இப்போது அடிக்கடி வருகிறது. பல பள்ளிகளில் அது காலை வணக்கக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கண்மூடி நிற்க வைப்பதோடு முடிந்துவிடுகிறது. கண்மூடி நிற்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் காலை நேரத்தில் பிள்ளைக்கு அது தேவைப்படவில்லை. தேவைப்படும் நேரம், தாளை மடித்துப் பைக்குள் செருகும் அந்த அரை நிமிடம். எனவே அதற்கான பாடத்தையும் அன்றைக்கே, அந்த வகுப்பிலேயே நடத்த வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு ஒரு பாடவேளை போதும்.

புதுச்சேரியில் இருக்கும் நமக்கு இது இன்னும் கொஞ்சம் அவசரமானது. நம் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தை விட்டு சிபிஎஸ்இ-க்கு மாறி, பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 2025-ல் முதன்முறையாக அந்தப் பொதுத்தேர்வை எழுதினார்கள். அந்தப் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதியது பழைய பாடத்திட்டத்தில். வினாத்தாளின் நடை, மொழி, மதிப்பீட்டு முறை எல்லாம் நடுவழியில் மாறின. நேற்று வரை ‘நன்றாகப் படிக்கிற பெண்’ என்று பெயர் வாங்கியவள் முதல் தேர்விலேயே சரிந்தபோது, பாடத்திட்டம் மாறியதால் வந்த சரிவு என்று அவள் நினைத்துக்கொள்ளவில்லை. ‘எனக்கு மூளை இல்லை’ என்றுதான் நினைத்துக்கொண்டாள். லாஸ்பேட்டையில் பள்ளிகளும் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒரே தெருவில் எல்லா வீட்டுப் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிற ஊர் இது.

சொல்லிலிருந்து தொடங்குவோம்

தன்பரிவு என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினால், ‘நம்ம மேல நாமே பாவம் பாக்கறதா மிஸ்?’ என்று யாராவது கேட்பார்கள். கேள்வி நியாயமானது. தமிழில் தன்னிரக்கம் என்றாலே மூலையில் உட்கார்ந்து அழுவது என்ற பொருள்தான் முதலில் வருகிறது. அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-ல் இந்தக் கருத்தை வரையறுத்தபோது அவர் சொன்னது அதுவல்ல. அவர் சொன்னதில் மூன்று பகுதிகள் உண்டு. தோற்றபோது தன்னிடம் கனிவாக இருப்பது ஒன்று. இது எனக்கு மட்டும் நேர்ந்ததல்ல, மனிதர் எல்லோருக்கும் நேர்வது என்று உணர்வது இன்னொன்று. மனவலியை ஊதிப் பெருக்காமலும் அமுக்கி மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது மூன்றாவது. இந்த மூன்றாவதுதான் மனவிழிப்பு. தன்னிரக்கத்தில் மூழ்கியவன் ‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’ என்பான். அந்த ‘மட்டும்’ நீங்கினால்தான் தன்பரிவு வரும்.

வகுப்பில் நான் இந்தக் கலைச்சொற்களைப் பயன்படுத்துவதில்லை. நம் மொழியிலேயே ஒரு சொல் தயாராக இருக்கிறது: கவனி. கவனி என்றால் உற்றுப் பார். கவனித்துக்கொள் என்றால் பேணு, பார்த்துக்கொள். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு ‘நல்ல கவனிப்பு’ என்கிறோம். இரண்டும் ஒரே வேர். முதலில் கவனி, பிறகு கவனித்துக்கொள் என்று சொன்னாலே பாடத்தின் பாதி முடிந்தது. ‘அவன நல்லா கவனிச்சுட்டாங்க’ என்றால் அடி வாங்கினான் என்று அர்த்தம் என யாராவது ஒரு பையன் எடுத்துக்கொடுப்பான். வகுப்பு சிரிக்கும். சிரிக்கட்டும். தேர்வில் தோற்ற நம்மை நாம் கவனிப்பது பெரும்பாலும் அந்த மூன்றாவது அர்த்தத்தில்தானே என்று அங்கிருந்தே தொடரலாம்.

லாஸ்பேட்டையில் அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி வள்ளலார் பெயரைத் தாங்கி நிற்கிறது. எல்லா உயிரிடத்தும் இரக்கம் வேண்டும் என்ற அவருடைய போதனையைத் தமிழ்ப் பாடத்தில் நடத்துகிறோம், தேர்விலும் கேட்கிறோம். ‘எல்லா உயிர்’ என்ற கணக்கில் விடை எழுதுகிற பிள்ளையின் உயிரும் சேரும் என்று சேர்த்துச் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது.

பாடவேளை

தாள்களைக் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் கேட்கும் பயிற்சி. கண்ணை மூடச் சொல்ல வேண்டாம். மேசையைப் பார்த்தால் போதும். வீட்டிலோ வெளியிலோ அச்சத்தைச் சந்தித்த பிள்ளைக்குக் கண்ணை மூடுவதே பயமாக இருக்கலாம். அது யார் என்று நமக்குத் தெரியாது. மூச்சைக் கவனிக்கச் சொல்வதையும் நான் தவிர்க்கிறேன். பதற்றத்தில் இருப்பவருக்கு மூச்சைப் பார்த்தால் பதற்றம் கூடுவதுண்டு. சத்தம் எளிது. மின்விசிறி, பக்கத்து வகுப்பின் வாய்ப்பாடு, கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் அடிக்கும் ஹாரன், அணில், யாரோ பேனாவைத் திறந்து மூடுவது. விமான நிலையம் பக்கத்தில் என்பதால் நமக்கு எப்போதாவது ஒரு விமானமும் கிடைக்கும். எத்தனை சத்தம் கேட்டது என்று எண்ணச் சொல்லுங்கள். மந்திரம், ஓங்காரம், பிரார்த்தனை எதுவும் வேண்டாம். மூன்று மதப் பிள்ளைகளும் மதமில்லாத வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் இருக்கிறார்கள்.

இது வெளியூரிலிருந்து வந்த புதுமை என்று நினைக்க வேண்டியதில்லை. நமக்குக் கூப்பிடு தூரத்தில், ஆரோவில்லில், அலோகா மார்ட்டி, ஜோன் சாலா என்ற இருவர் 1992 முதல் ‘உடல் வழியே விழிப்பு’ என்று சொல்லத்தக்க ஒரு பாடத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தி, அதைப் புத்தகமாகவும் எழுதியிருக்கிறார்கள். விளையாட்டு, தொடுதல், சமநிலை, ஓய்வு ஆகியவற்றின் வழியாகக் கவனத்தைப் பழக்குவது அவர்கள் முறை. அவர்களுக்கு இருக்கும் இடமும் நேரமும் நாற்பது பேர் உட்காரும் நம் வகுப்பறையில் இல்லை. ஆனாலும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: கவனத்தை அறிவுரையால் வரவழைக்க முடியாது. உடம்புக்கும் புலன்களுக்கும் ஒரு வேலை கொடுத்தால் அது தானாக வரும்.

அடுத்து, நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்துக்கு ஒரு கேள்வி: ‘உன் நெருங்கிய தோழிக்கு எண்பதுக்குப் பன்னிரண்டு. கழிவறைப் பக்கம் போய் அழுகிறாள். அவளிடம் என்ன சொல்வாய்? பேசுகிற மாதிரியே எழுது.’ வலப்பக்கத்துக்கு: ‘அதே பன்னிரண்டு உனக்கு. யாரும் பக்கத்தில் இல்லை. உன் மனசுக்குள் உனக்கு என்ன சொல்வாய்?’

இடப்பக்கத்தில் ‘பரவால்லடி, நானும் போன தடவ அப்படித்தான்’, ‘வா, சாப்பிட்டுட்டு சேர்ந்து பாக்கலாம்’ என்பது போல வரும். வலப்பக்கத்தில் ‘தண்டம்’, ‘மக்கு’, ‘வேஸ்ட்’, ‘உனக்கெல்லாம் எதுக்குப் படிப்பு’. எழுதி முடித்ததும் இரண்டையும் பார்க்கச் சொல்லி அமைதியாக நின்றுவிட்டால் போதும். பக்கங்களை வாங்கக் கூடாது, சத்தமாகப் படிக்கச் சொல்லக் கூடாது. ‘வலப்பக்கம் இருப்பது யாருடைய குரல்?’ என்று கேட்கத் தோன்றும். அதையும் கேட்க வேண்டாம். அம்மா, அப்பா, அண்ணன் என்ற வரிசையில் நாமும் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு அது தெரியும். நம்மிடம் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். ‘இடப்பக்கத்தில் இருப்பதில் ஒரே ஒரு வரியை எடுத்து வலப்பக்கத்தின் அடியில் எழுதிக்கொள்’ என்பது மட்டுமே அடுத்த வேலை. ‘நீ’ என்பதை மாற்ற வேண்டாம். தோழியிடம் சொன்னது போலவே இருக்கட்டும்.

பிறகுதான் தாள்கள். மதிப்பெண் வரிசையில் அடுக்கிக் கொடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. முதல் மதிப்பெண்ணுக்குக் கைதட்டல், கடைசி ஐந்து பேருக்கு நீண்ட காத்திருப்பு. அந்த வரிசை இருக்கும் வகுப்பில் மேலே சொன்ன எதுவும் செல்லுபடியாகாது. மதிப்பெண் உள்பக்கம் இருக்கும்படி மடித்து, இருக்கைக்குப் போய்க் கையில் கொடுங்கள். மூன்று நிமிடம் யாரும் பேசாமல் அவரவர் தாளை மட்டும் பார்க்கட்டும்.

அதன்பின் பெயர் எழுதாத துண்டுச்சீட்டு. ‘எந்தக் கேள்வியில் தடுமாறினாய்? எண்ணை மட்டும் எழுது.’ வாங்கிக் கரும்பலகையில் கோடு போட்டு எண்ணுங்கள். முப்பத்தெட்டுப் பேரில் இருபத்து மூன்று பேர் ஏழாம் கேள்வியில் தடுமாறியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘எனக்கு மட்டும்’ என்பது அங்கேயே கரைகிறது. நெஃப் சொல்லும் இரண்டாவது பகுதியை இதைவிடத் தெளிவாக விளக்க எனக்குத் தெரியாது. கூடவே, ஏழாம் கேள்வியின் பாடத்தை மறுபடி நடத்த வேண்டும் என்ற செய்தியும் நமக்கு வந்துசேரும். கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொருவரும் இந்த வாரம் செய்யக்கூடிய ஒரு சிறு வேலையை எழுதுவார்கள். ‘நன்றாகப் படிப்பேன்’ என்பதை ஏற்க வேண்டாம். ‘ஏழாம் கேள்வியை வெள்ளிக்குள் இரண்டு முறை போட்டுப் பார்ப்பேன்’ என்றால் சரி.

செல்லம் கொடுத்தால் படிப்பார்களா?

ஆசிரியர் அறையில் இந்தக் கேள்வி நிச்சயம் வரும். திட்டினால்தான் சுரணை வரும் என்பது நம் காலத்து நம்பிக்கை. கலிஃபோர்னியாவில் ஜூலியானா பிரைன்ஸ், செரீனா சென் இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நேரடியாகவே பதில் சொல்கிறது. கல்லூரி மாணவர்களுக்குக் கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்று வைத்தார்கள். சரியாகச் செய்யாத பிறகு, மறுதேர்வுக்கு விரும்பிய நேரம் படிக்கலாம் என்றார்கள். ‘பலருக்கும் இது கடினம்தான், உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்’ என்ற பொருளில் சொல்லப்பட்டவர்கள், ‘நீங்கள் புத்திசாலிகள்’ என்று புகழப்பட்டவர்களைவிடவும், ஒன்றும் சொல்லப்படாதவர்களைவிடவும் அதிக நேரம் படித்தார்கள். தன்னைத் தானே அடித்துக்கொண்டிருப்பவருக்குத் தாளைத் திறந்து பார்க்கத் துணிவு வராது. தாளைப் பார்க்காதவர் எதைத் திருத்திக்கொள்வார்?

எதிர்ப்பக்கச் சான்றையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனவிழிப்பைத் தனிப் பாடமாக நடத்திப் பார்த்தார்கள். முடிவு 2022-ல் வந்தது. வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியைவிட அது மாணவர் மனநலத்துக்குக் கூடுதல் பலன் தரவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அந்தப் பயிற்சியைச் செய்யவே இல்லை. பயிற்சி எடுத்த ஆசிரியர்களின் சோர்வு குறைந்தது, பள்ளிச் சூழலும் ஓரளவு மேம்பட்டது, ஆனால் அந்தப் பலன் பெரும்பாலும் ஓராண்டுக்குள் மங்கியது. பதினான்கு வயதுப் பிள்ளையைப் பாடமாக வைத்து ‘அமைதியாக இரு’ என்றால் கேட்காது என்பதை நம்மில் யாரும் ஆய்வு செய்யாமலே சொல்லியிருப்போம்!

பீகாரின் நாலந்தா மாவட்டத்து அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ‘சேகர்’ ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அங்கே தியானம் இல்லை. குறைகளை எழுதிப்போட ஒரு பெட்டி, சுவர்ப் பத்திரிகை, பள்ளிக் குழு, தேவைப்படுவோருக்குத் தனியே பேச ஓர் ஆலோசகர். ஒன்பதாம் வகுப்பினரிடையே மனச்சோர்வும் வம்பும் வன்முறையும் குறைந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இதற்கென்றே நியமிக்கப்பட்ட ஆலோசகர் இருந்த பள்ளிகளில்தான் பலன். அதே வேலையை ஆசிரியர் தலையில் கூடுதலாக வைத்த பள்ளிகளில் பலன் தெரியவில்லை. ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் வேண்டும் என்று நாம் கேட்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. அவர் வரும் வரை, நமக்குக் கூடுதல் வேலை வைக்காத இடத்தில், அதாவது எப்படியும் தாள் கொடுக்கப்போகிற நாளில் தொடங்கலாம் என்பதே என் வாதம்.

எல்லை எது?

இப்படி ஒரு பாடவேளை நடத்தினால் சில பிள்ளைகள் பிறகு தனியாக வந்து பேசுவார்கள். அதற்கு முன்பே தயாராக இருக்க வேண்டும். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. ‘உன் பாதுகாப்புக்குத் தேவையென்றால் இன்னொருவரிடம் சொல்வேன், அதை உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் செய்வேன்’ என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சாவதைப் பற்றிப் பேசுவது, கையில் கீறல்கள், பிடித்த பொருளையெல்லாம் திடீரென்று பிறருக்குக் கொடுத்துவிடுவது போன்றவை தெரிந்தால் கேட்கத் தயங்க வேண்டாம். ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக விதைக்கப்படுவதில்லை. அன்று அந்தப் பிள்ளையைத் தனியே வீட்டுக்கு அனுப்பாமல், தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் தெரிவித்து, அவர்கள் கையில் ஒப்படைக்க வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பேச்சில் பாலியல் துன்புறுத்தல் வெளிவந்தால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது நம் விருப்பத்துக்கு விடப்பட்டதல்ல, கடமை.

எண்களைக் கரும்பலகையின் ஓரத்தில் ஆண்டு முழுவதும் எழுதி வைத்திருங்கள். பிரச்சினை உள்ளவர் மட்டும் குறித்துக்கொள்ளட்டும் என்று சொன்னால் ஒருவரும் எழுத மாட்டார்கள். எல்லோரையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொன்னால் எழுதிவிடுவார்கள்.

அடுத்த தேர்வுத் தாள் கொடுக்கும் நாளில் அந்தக் கோடு போட்ட பக்கத்தைத் திருப்பச் சொல்லுங்கள். சிலர் வலப்பக்கத்தில் இன்னொரு வரி சேர்ப்பார்கள். சிலர் பழைய சொற்களை அடித்திருப்பார்கள். சிலர் ஒன்றும் எழுதாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர்களிடம் ஏன் என்று கேட்க வேண்டாம். மூன்று நிமிடம் முடிந்ததும் ஏழாம் கேள்விக்குப் போகலாம்.