சிறார் நடையும் பெரியவர் அளவுகோலும்

பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள பத்து காவானில் புதிய குடியிருப்புகள் பெருகி, 2014 மார்ச்சில் இரண்டாவது பினாங்குப் பாலமும் திறக்கப்பட்ட பிறகு, தீவின் மலைகளும் பெருநிலத்தின் காடுகளும் ஒரு காலைப்பொழுதில் போய் வரக்கூடிய தொலைவுக்குள் வந்துவிட்டன. ஆயினும், கைக்குழந்தையோ பாலர் பள்ளிப் பிள்ளையோ உள்ள குடும்பங்கள் பல, விடுமுறை நாளைக் குளிரூட்டிய பேரங்காடிகளிலேயே கழிக்கின்றன. இதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. எனினும் மலைநடையைப் பற்றி வீடுகளில் நிலவும் சில நம்பிக்கைகளே பெரிதும் தடையாக நிற்கின்றன என்பதும், அவற்றுள் பெரும்பாலானவை பெரியவர் நடையின் அளவுகோலைக் குழந்தைக்குப் பொருத்திப் பார்ப்பதால் பிறந்தவை என்பதும் சற்றே ஆராய்ந்தால் புலப்படும்.

நம்பிக்கை: சிறு பிள்ளைகளோடு மலையேறுவது தமிழ்க் குடும்பங்களுக்குப் பழக்கமில்லாதது.

பினாங்குத் தமிழரைப் பொறுத்தவரை இதைவிடப் பொருந்தாத கூற்று இருக்க முடியாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளில் ஏறுவோரில் தாத்தா பாட்டியின் கைப்பிடித்து ஏறும் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளும், வேண்டுதல் நிறைவேறியதற்காகப் பெற்றோர் கரும்பில் தொட்டில் கட்டிச் சுமந்து செல்லும் கைக்குழந்தைகளும் உண்டு. அந்தப் படிகளில் எவரும் குழந்தையை அவசரப்படுத்துவதில்லை. நின்று, உட்கார்ந்து, மோர் குடித்து, வேடிக்கை பார்த்து ஏறுவதே அங்கு வழக்கம். நெரிசல் மிகுந்த அந்நாளில் 513 படி ஏறத் தயங்காத குடும்பம், அடுத்த மாதம் ஆளரவமற்ற ஒரு கிலோமீட்டர் காட்டுத் தடத்தைக் கண்டு அஞ்சுவது வியப்புக்குரியது.

நம்பிக்கை: மலை வேண்டுமானால் தீவுக்குத்தான் போக வேண்டும்.

பெருநிலப் பகுதியான செபராங் பிறையிலேயே குழந்தைகளுக்கு ஏற்ற இடங்கள் உள்ளன. நிபோங் தெபால் அருகிலுள்ள புக்கிட் பஞ்சோர் மாநிலப் பூங்காவில் நன்னீர்ச் சதுப்புக் காட்டினூடே மரப்பலகைப் பாதை செல்கிறது. அங்கு ஒரு வௌவால் குகையும் உண்டு. புக்கிட் மெர்தாஜாம் மலையடிவாரத்துச் செரோக் தோக்குன் பொழுதுபோக்குக் காட்டில் ஓடையும் முதுமரங்களும் உள்ளன. சுமார் 545 மீட்டர் உயரமுள்ள அம்மலையின் உச்சி வரை போக வேண்டிய கட்டாயம் எவருக்கும் இல்லை. அதே வட்டாரத்தில் புனித அன்னாள் தேவாலய வளாகத்திலுள்ள பாறையில், 1845இல் ஜேம்ஸ் லோ என்னும் பிரிட்டிஷ் அதிகாரி கண்டறிந்த, பல்லவ எழுத்துவகையைச் சேர்ந்ததாகக் கருதப்படும் பழங்கல்வெட்டு இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்கு மலையுச்சியைவிட அந்தப் பாறை பெரிய வியப்பாக இருக்கக்கூடும். ஏற்றமே வேண்டாம் என்போருக்குப் பத்து காவானின் பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து சிறிது நேரத்தில் சென்றடையும் புலாவ் ஆமான் தீவு இருக்கிறது. அதன் கரையோரப் பாதையில் நடக்கலாம், கடலையொட்டியிருந்தும் நன்னீர் தரும் பழங்கிணற்றைப் பார்க்கலாம், மீன் உணவு உண்டு திரும்பலாம்.

நம்பிக்கை: உச்சியைத் தொட்டால்தான் மலையேறியதாகக் கணக்கு.

குடும்ப நடைகள் பெரும்பாலும் அழுகையிலும் சினத்திலும் முடிவதற்கு இந்த ஒரு நம்பிக்கையே போதும். மலைநடைக்கு ஆகும் நேரத்தைக் கணிக்க உலகெங்கும் இன்றும் எடுத்தாளப்படும் நைஸ்மித் விதி, 1892இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் வகுத்தது. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் இன்னொரு மணி நேரம் என்பது அதன் சாரம். திடகாத்திரமான வயதுவந்தோரை மனத்தில் கொண்டு, குளிர்ந்த நாட்டில் வகுக்கப்பட்ட அந்தக் கணக்கு, பினாங்கின் வெக்கையில் நான்கு வயதுக் குழந்தைக்கு எவ்வகையிலும் பொருந்தாது. தடத்தின் அறிவிப்புப் பலகையில் பெரியவருக்கென்று குறித்த நேரத்தை இரண்டு, இரண்டரை மடங்காக்கிக்கொள்வதே பாதுகாப்பானது. தெலுக் பாஹாங்கில் 2003இல் நிறுவப்பட்ட பினாங்கு தேசியப் பூங்காவின் வாயிலிலிருந்து பந்தாய் கெராச்சூட் கடற்கரைக்குப் பெரியவர் ஒன்றரை மணி நேரத்தில் நடந்துவிடுவார் என்றால், குழந்தையோடு செல்பவர் அரைநாளை ஒதுக்கி, திரும்புவதற்குப் படகை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

மெதுவாக நடக்கிறது என்பதால் குழந்தைக்கு வலுவில்லை என்று கொள்வதும் தவறு. 3, 4 வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிடங்கள் பலவகை உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்றும், அவற்றுள் 60 நிமிடங்களேனும் மிதமானது முதல் தீவிரமானது வரையிலான இயக்கமாக இருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. ஆக, மூன்று மணி நேர அசைவு குழந்தைக்கு மிகையன்று. ஒரே வேகத்தில், ஒரே திசையில், இடைநிற்காமல் நடப்பதே அதற்கு இயலாதது. எறும்பு வரிசையின் முன் பத்து நிமிடம் குந்தியிருக்கும் குழந்தை நேரத்தை வீணாக்கவில்லை, அது வந்த வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. ஆகவே சென்று சேர வேண்டிய இடத்தை முடிவு செய்வதைவிடத் திரும்ப வேண்டிய மணியை முடிவு செய்துகொண்டு, அந்த மணி வந்ததும் எந்த இடத்தில் இருந்தாலும் திரும்பிவிடுவதே குடும்ப நடைக்குரிய ஒழுங்கு.

இதனோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு தவறான எண்ணம், ஏற்றமே கடினம், இறக்கம் எளிது என்பது. இறங்கும்போது தொடைத் தசைகள் நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால் அவை விரைவில் தளர்கின்றன. களைத்த பிள்ளை வழுக்குவது பெரும்பாலும் அப்போதுதான். 1923இல் ஓடத் தொடங்கிய கொடிமலை ரயிலில் ஏறிவிட்டு, ‘இறக்கம்தானே’ என்று தாவரவியல் பூங்கா வரையிலான ஐந்து கிலோமீட்டர் செங்குத்துச் சாலையில் சிறு பிள்ளையை நடத்திக் கூட்டிவருவது தவிர்க்கத்தக்கது. சமவெளியைவிட நான்கைந்து பாகை குளிர்ந்திருக்கும் மலைமேல், ஓரளவு சமமான பாதைகளில் நடந்துவிட்டு ரயிலிலேயே இறங்குவது மேல்.

நம்பிக்கை: அட்டை கடித்தால் ஆபத்து, குரங்குக்கு வாழைப்பழம் கொடுத்தால் சாந்தமாகும்.

உண்மை இவ்விரண்டுக்கும் நேரெதிரானது. அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் இருப்பதால் கடிவாயில் சிறிது நேரம் இரத்தம் கசியும். பார்க்க அச்சமூட்டினாலும் அது பொதுவாகத் தீங்கற்றது. உப்பும் நெருப்பும் வைத்தால் அட்டை உட்கொண்டதைக் காயத்திலேயே கக்கிவிட வாய்ப்பிருப்பதால், அதன் மெல்லிய முனைக்கடியில் நகத்தைச் செலுத்தி நகர்த்தி எடுத்து, சோப்பால் கழுவி, துணியால் அழுத்திப் பிடிப்பதே முறை. நீளமான காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

குரங்கின் செய்தி வேறு. பினாங்கின் நீள்வால் குரங்குகள், உணவளித்துப் பழக்கப்படுத்தப்பட்ட இடங்களில் கையிலுள்ள பிளாஸ்டிக் பையையே உணவாகக் கருதிப் பறிக்கின்றன. அவற்றின் கண்மட்டத்துக்கு அருகில் நிற்பதும், கண்ணை நேராகப் பார்த்துப் பல் தெரியச் சிரிப்பதும் குழந்தையே. அந்தச் சிரிப்பைக் குரங்கு மிரட்டலாக எடுத்துக்கொள்ளலாம். தின்பண்டத்தை முதுகுப் பைக்குள் வைத்து மூடி, பிள்ளையைப் பெரியவரின் உட்புறமாக நடக்கச் செய்து, நிற்காமல் கடந்துவிட வேண்டும். கடித்துவிட்டாலோ கீறிவிட்டாலோ சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

நம்பிக்கை: மழையில் நனைந்தால் காய்ச்சல், உச்சிவேளையில் காத்துக் கருப்பு.

சளியும் காய்ச்சலும் கிருமிகளால் வருபவை, மழைத்துளியால் வருபவையல்ல. ஆனால் பினாங்கு மழையை இலேசாக எண்ணுவதற்கும் இடமில்லை. பருவக்காற்றுகள் மாறும் ஏப்ரல், அக்டோபர் மாதங்களை ஒட்டிய பிற்பகல்களில் இடியும் மின்னலும் அடிக்கடி வருகின்றன. அதைவிடக் கொடியது, மலாய் மொழியில் ‘கெப்பாலா ஆயர்’ எனப்படும் திடீர் நீர்ப்பெருக்கு. மலைமேல் பெய்த மழை, கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடையில் சுவர்போல் வந்திறங்குவதை இச்சொல் குறிக்கிறது. நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பிள்ளைகளை உடனே கரையேற்ற வேண்டும்.

உச்சிவேளை பற்றிய பாட்டிமார் எச்சரிக்கையின் காரணத்தை ஏற்காவிட்டாலும் விளைவை ஏற்கலாம். காற்றில் ஈரப்பதம் மிகுந்திருக்கையில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, உடல் தணிவதில்லை. பினாங்கில் ஏழு மணியை ஒட்டியே பொழுது விடிவதால், ஏழரைக்குத் தொடங்கிப் பத்தரைக்குள் முடிப்பது வெப்பத்தையும் பிற்பகல் இடியையும் ஒருசேரத் தவிர்க்கும். 9 முதல் 12 வயதுப் பிள்ளைகள் உழைப்பின்போது இருபது நிமிடத்துக்கு ஒருமுறை 100 முதல் 250 மில்லிலிட்டர் வரை நீர் அருந்தலாம் என அமெரிக்கக் குழந்தைநல மருத்துவக் கழகம் 2011இல் பரிந்துரைத்தது. இளையோருக்கு அளவைக் குறைத்து, அவர்கள் கேட்கும் வரை காத்திராமல் நீட்ட வேண்டும். இரண்டு மணி நேர நடைக்கு வெறும் தண்ணீரே போதும்.

விலையுயர்ந்த காலணி வேண்டும் என்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள் அணிந்த, மலேசியர் வேடிக்கையாகக் ‘கம்போங் அடிடாஸ்’ என்றழைக்கும் மலிவான ரப்பர் காலணியைத்தான் இந்நாட்டின் தேர்ந்த மலைநடையாளர் பலரும் அணிகின்றனர். குழந்தைக்கு அழுத்தமான பிடிப்புள்ள, பழகிய காலணி போதும். சிலிப்பர் மட்டும் ஆகாது. முதுகுத் தூளியில் சுமக்கப்படும் குழந்தைக்குத் தலையும் கழுத்தும் நன்றாக நின்றிருக்க வேண்டும். அது நடக்காமல் இருப்பதால், சுமப்பவர் வியர்த்தாலும் அதன் உடல்நிலையைத் தனியாகத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: வழி தவறினால் ஓடையைப் பிடித்துக் கீழே இறங்கினால் ஊர் வந்துவிடும்.

பெரியவருக்கே ஆபத்தான இந்த அறிவுரையைப் பிள்ளைக்குச் சொல்லக் கூடாது. 1981இல் கலிபோர்னியாவின் பாலோமர் மலையில் வழி தவறிய ஒன்பது வயதுச் சிறுவன் உயிரோடு மீட்கப்படாததை அடுத்து, தேடுதல் பணியாளர்கள் ‘மரத்தைக் கட்டிக்கொள்’ என்னும் பயிற்சியை வகுத்தனர்: தனித்துவிட்டால் நடக்காதே, அருகிலுள்ள மரத்தடியிலேயே இரு, ஊதலை மும்மூன்று முறையாக ஊது, பெயர் சொல்லிக் கூப்பிடுவோருக்குப் பதில் கொடு. அலைந்துகொண்டிருக்கும் குழந்தையைவிட ஒரே இடத்தில் இருக்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது எளிது. ஆகவே பிள்ளைக்கு நிறம் பளிச்சிடும் சட்டை அணிவித்து, கழுத்தில் ஓர் ஊதலை மாட்டி, இப்பயிற்சியை வீட்டுக் கூடத்திலேயே இரண்டொரு முறை விளையாட்டாகச் செய்து பார்க்க வேண்டும். செல்லும் தடத்தையும் திரும்பும் மணியையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட வேண்டும். மலேசியாவில் அவசர அழைப்பு எண் 999.