வாளில் பூசிய நஞ்சு

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியானது. ஆடுவோர் கற்பனை வீரர்களாகத் தம்மைப் பாவித்து, பேசியும் பகடை உருட்டியும் கதையை நடத்துவர். போர் மூண்டால் காலம் 6 நொடிச் சுற்றுகளாகப் பகுக்கப்படும். ஒரு சுற்றில் ஒருவர்க்கு உரியது பெரும்பாலும் ஒரு முழுச் செயலே. வாளை வீசலாம், அல்லது வேறொன்று செய்யலாம். பொன் தீர்ந்தால் மீண்டும் ஈட்டலாம். கழிந்த சுற்று மீளாது.

2014ஆம் ஆண்டு விதிநூலில் எளிய நஞ்சு ஒரு குப்பி 100 பொற்காசு. குத்துவாளே 2 பொற்காசுதான்! அந்நஞ்சை வாளில் பூச ஒரு முழுச் செயல் செலவாகும். பூசிய நஞ்சு 1 நிமிடத்தில், அதாவது 10 சுற்றுகளில், உலர்ந்துவிடும். வெட்டுப்பட்ட எதிரி இருபதுமுகப் பகடையை உருட்டித் தன் உடலுறுதி எண்ணையும் கூட்டி 10 பெற்றால் நஞ்சு அவனைத் தீண்டாது. தவறினால் நான்முகப் பகடை காட்டும் அளவு, சராசரியாக 2.5, கூடுதல் சேதம் விளையும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வலிமை எண் 3 உடைய வீரரின் நீள்வாள் வெட்டு ஒன்று சராசரியாக 7.5 சேதம் தரும். உடலுறுதி எண் 0 உள்ள எதிரி நூற்றுக்கு 45 முறை நஞ்சுக்கு இரையாவான். எனவே வெட்டு ஒன்றுக்கு நஞ்சு சேர்ப்பது ஏறத்தாழ 1.1 மட்டுமே. பூசுவதற்காக இழந்த ஒரு வெட்டை ஈடுசெய்ய 7 வெட்டுகள் வேண்டும். குறி தப்பும் வாய்ப்பு இரு பக்கமும் ஒன்றே ஆதலால் அது இக்கணக்கை மாற்றாது. பல மோதல்களோ நான்கைந்து சுற்றுகளில் முடிந்துவிடும். விளைவு, நச்சுக்குப்பி பையிலேயே உறங்கும். பயன்படாத பொருளை விதிநூலில் வைப்பது ஆடுவோரை ஏமாற்றுவதற்கு ஒப்பாகும்.

2024ஆம் ஆண்டுத் திருத்தம் பூசுதலைச் சிறிய ‘கூடுதல் செயல்’ ஆக்கியது. எதிரி தப்பும் வாய்ப்பையும் நீக்கியது. ஆனால் ஒருமுறை சேதம் விளைத்ததும் பூச்சு தீர்ந்துவிடும். 100 பொற்காசுக்கு 2.5 சேதம்! 50 பொற்காசு விலையுள்ள மருந்து சராசரியாக 7 உயிர்ப்புள்ளிகளை மீட்கிறது. செயலில் கேட்ட விலையைத் திருத்தியோர் பொன்னில் கேட்டனர். மேலும், அவ்விலை எல்லார்க்கும் ஒன்றன்று. நீள்வாள் வீரர்க்குக் கூடுதல் செயல் பல சுற்றுகளில் வீணே கிடக்கும். ‘ரோக்’ எனப்படும் மறைந்து தாக்கும் வீரரோ ஒளியவும் விரையவும் அதையே நம்பியிருப்பவர்.

2023இல் வெளியான ‘பால்டர்ஸ் கேட் 3’ கணினி விளையாட்டில் வாளை மெழுகுவத்திச் சுடரில் தோய்த்தே தீச்சேதம் பெறலாம். அதற்கும் கூடுதல் செயல் ஒன்று போதும். மெழுகுவத்தி செய்வதை நச்சுக்குப்பி செய்தால் யார் வாங்குவர்?

அதற்காக நஞ்சின் சேதத்தைப் பன்மடங்கு உயர்த்தினாலும் இடர்தான். அப்போது ஒவ்வொரு போரும் பூச்சு வேலையோடே தொடங்கும், பூசாதவர் பின்தங்குவர்.

பயிற்சி

1. பிரித்து எழுதுக: பொற்காசு, நச்சுக்குப்பி.
2. எதிரியின் உடலுறுதி எண் 2 எனில், 2014ஆம் ஆண்டு விதிப்படி இழந்த வெட்டை ஈடுசெய்ய எத்தனை வெட்டுகள் வேண்டும்?
3. நீவிர் விதி வகுப்பவராயின் எதைக் குறைப்பீர், பொன்னையா, செயலையா? காரணம் தருக.