சலங்கையைக் கழற்றிய பிறகு

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மார்கழியில் நிகழ்ச்சி முடித்து வீடு திரும்பும் இரவுகளில் மூன்று மணி வரை விழித்துக் கிடப்பதாகவும், உடம்பு அடித்துப்போட்ட மாதிரி வலித்தாலும் தூக்கம் மட்டும் வருவதில்லை என்றும் எழுதியிருக்கிறாய். ஏதாவது மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்றும் கேட்டிருக்கிறாய். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் எழுதித் தராமல் எதையும் தொடாதே. சளிக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரையில் தூக்கம் வருகிறதென்று சிலர் அதைப் பழக்கிக்கொள்கிறார்கள். அந்த மந்தம் மறுநாள் காலையிலும் விடாது. மந்தமான உடம்போடு அரைமண்டியில் உட்கார்ந்து எழுந்தால் முட்டிக்குத்தான் கேடு.

உனக்கு வந்திருப்பது நோய் இல்லை. மேடைக்கு ஏற உனக்குப் பத்து வருஷம் கற்றுக்கொடுத்தார்கள். மேடையிலிருந்து இறங்க யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஆனால் அந்தப் பாடம் நம் பரதநாட்டிய மார்க்கத்துக்குள்ளேயே இருக்கிறது. 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் பாலசரஸ்வதி அம்மா ஆற்றிய தலைமையுரையைத் தேடிப் படி. அலாரிப்பைக் கோபுரமாகவும் பதத்தைக் கருவறையாகவும் சொன்னவர், தில்லானாவைக் கற்பூரம் காட்டும் நேரத்துப் பரபரப்பாகப் பார்த்தார். அதோடு அவர் நிறுத்தவில்லை. அதற்கும் பிறகு எளிமையான ஒரு பக்திப் பாடலில் ஆட்டம் அடங்குவதையும் சொன்னார். இப்போது பலர் தில்லானாவின் கைதட்டலோடு உள்ளே ஓடிவந்துவிடுகிறோம். கற்பூரம் எரிந்துகொண்டிருக்கும்போதே படுக்கைக்குப் போனால் தூக்கம் எப்படி வரும்?

உடம்புக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரவில் உடம்பின் உள்வெப்பம் மெல்லக் குறையத் தொடங்கினால்தான் தூக்கம் வரும். நீயோ ஒன்றரை மணி நேரம் பட்டு உடுப்பைக் கட்டிக்கொண்டு மேடை விளக்குகளுக்குக் கீழே ஆடி, அந்த வெப்பத்தை ஏற்றிக்கொண்டு வருகிறாய். நெஞ்சுத் துடிப்பு சீக்கிரம் அடங்கிவிடும். வெப்பமும், பதற்றத்தில் சுரந்தவையும் அடங்க இன்னும் நேரம் பிடிக்கும். அந்த நேரத்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ஆகவே இறங்கும் வேலையைத் திரைக்குப் பின்னாலேயே தொடங்கு. உள்ளே வந்ததும் நாற்காலியில் விழாதே. சலங்கையைக் கழற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு சில நிமிஷம் மெதுவாக நட. சுவரில் கையை ஊன்றிக் கெண்டைக்கால் இரண்டையும் நன்றாக நீட்டு. இதைச் செய்தாலும் நடுராத்திரியில் கெண்டைக்காலில் குரக்களி பிடித்தால், விரல்களை முழங்காலை நோக்கி இழுத்துப் பிடி. பாராட்ட வருகிறவர்களைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன், அவர்கள் முகம் நமக்கு வேண்டும். ஆனால் ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்துக்கொள்வது இன்னொரு நிகழ்ச்சி ஆடுவதற்குச் சமம். போதும் என்று சொல்லும் பொறுப்பை அம்மாவிடம் விடு.

கான்டீன் காபி வேண்டாம். குடித்த காபியிலுள்ள காஃபீனில் ஏறக்குறையப் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். ஒன்பது மணிக்குக் குடித்தால் இரண்டு மணிக்கும் அது உன்னோடு விழித்திருக்கும். நெய் ரோஸ்ட்டும் அந்த நேரத்தில் நெஞ்சைக் கரிக்கத்தான் செய்யும். அதற்காகப் பட்டினியாகவும் படுக்காதே. வீட்டுக்கு வந்து ரசம் சாதமோ தயிர் சாதமோ கொஞ்சம் சாப்பிடு. வேர்த்த உடம்புக்கு உப்புப் போட்ட மோர் நல்லது.

ஒப்பனையைக் கலைக்கும் நேரத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பலர் அதை ஒரு தொல்லையாக நினைத்து, இரண்டு பேரை வைத்துப் பிடுங்கிப் போடுகிறார்கள். அதை நீயே, ஒரே ஒரு சிறிய விளக்கின் வெளிச்சத்தில், அவசரமில்லாமல் செய். முதலில் தலைசாமான், பிறகு ஒவ்வொரு ஊசியாக, பிறகு குஞ்சலமும் சவுரியும். மண்டைத் தோல் தளர்வதை உணர்வாய். தேங்காய் எண்ணெயில் கண் மையைக் கரைக்கும்போது, பாத்திரத்திலிருந்து நீ வெளியே வருகிறாய். அதை அவசரமாகச் செய்தால் பாத்திரமும் உன்னோடு படுக்கைக்கு வந்துவிடும். அதன் பிறகு வெதுவெதுப்பான நீரில் குளி. சூடான நீர் உடம்பைச் சூடாக்காதா என்று கேட்பாய். கையிலும் காலிலும் ரத்தம் தோலுக்கு வந்து, உள்வெப்பம் வெளியேற அது வழி விடுகிறது. படுப்பதற்கு ஒரு மணி நேரமாவது முன்னால் குளிப்பது நல்லது.

இனி மனசு. உன் கடிதத்தில் நீ இரண்டே வரியில் கடந்துபோனதும் இதைத்தான். வர்ணத்தின் இரண்டாவது திரிகால தீர்மானத்தில் ஓர் அரை அட்சரம் முந்திவிட்டாய். அதை அறையில் இருட்டில் நூறு முறை ஆடிப் பார்க்கிறாய். பிறகு போனை எடுத்து யாரோ அனுப்பிய வீடியோவில் அதைத் தேடுகிறாய். அந்த வெளிச்சம் ஒரு பக்கம் தூக்கத்தைத் தள்ளுகிறது, நீ பார்க்கும் காட்சி இன்னொரு பக்கம் தள்ளுகிறது. அன்றிரவு வீடியோ பார்க்காதே. இதில் மட்டும் நான் கண்டிப்பாக இருக்கிறேன். களைத்த கண்ணுக்குத் தப்பு மட்டும்தான் தெரியும். அந்தத் தப்புக்கு முன்னால் நீ கொண்டுவந்த விரகம் தெரியாது. மறுநாள் மத்தியானம் பார். அப்போது இரண்டும் தெரியும்.

அதற்குப் பதிலாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள். நடந்த தப்பை எழுதாதே, நாளை செய்ய வேண்டியதை எழுது. 'அந்தத் தீர்மானத்தை முதல் காலத்தில் கைத்தாளத்தோடு பத்து முறை சொல்ல வேண்டும்' என்ற அளவில் இருந்தால் போதும். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் செய்து 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், படுப்பதற்கு முன் ஐந்து நிமிஷம் இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கியிருக்கிறார்கள். எனக்கு அது ஆச்சரியமாகப் படவில்லை. எழுதி வைத்ததை மனசு பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இன்னொன்றும் தெரிந்துகொள்: பயிற்சியில் கைவந்த அசைவுகள் தூக்கத்தில்தான் உறுதிப்படுகின்றன. விழித்துக்கொண்டு தப்பை உருட்டுவதால் எதுவும் திருந்தாது.

ஜதி காதில் ஓடிக்கொண்டே இருக்கிறது என்கிறாய். நம் எல்லோருக்கும் ஓடும். நடுவில் அறுந்த துண்டுதான் திரும்பத் திரும்ப வருகிறது என்பது என் அனுபவம். அதை அடக்கப் பார்க்காமல், மனசுக்குள் மெதுவாக எடுத்து, மூன்று முறையும் சொல்லி, சமத்தில் கொண்டுவந்து வை. பிறகு விளம்பத்தில் ஒரு பதத்தை எடுத்துக்கொள். நான் நீலாம்பரியைத்தான் எடுப்பேன். தாலாட்டுக்கு நம்மவர்கள் தேர்ந்தெடுத்த ராகம் அது. அபிநயம் வேண்டாம், கேட்டுக்கொண்டு மட்டும் இரு. அப்படியும் தூக்கம் வராவிட்டால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு புரளாதே. எழுந்து வேறு அறையில் மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்திரு. கண் சொக்கும்போது வந்து படு. மறுநாள் வழக்கமான நேரத்துக்கே எழுந்து, மத்தியானம் அரை மணி நேரம் கண் அயரலாம். நிகழ்ச்சி இல்லாத நாட்களிலும் வாரக்கணக்கில் இப்படியே நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதில் தயங்காதே.

சிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலிகளில் ஆடப்போகிறாய் என்பதால் இன்னும் ஒன்று. சிதம்பரத்தில் 1981-இல் தொடங்கிய இந்த வழக்கம் இப்போது தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை என்று பரவியிருக்கிறது. சில இடங்களில் நள்ளிரவு தாண்டித்தான் உன் முறை வரும். அன்று மத்தியானமே ஒன்றரை மணி நேரம் தூங்கிவிடு. ஆடி முடித்த கையோடு காரில் சென்னைக்குக் கிளம்பாதே. ஓட்டுநரும் இரவெல்லாம் விழித்திருந்தவர்தான். அந்த ஊரிலேயே, நட்டுவனாருக்கும் பாட்டுக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் ஓட்டுநருக்கும் சேர்த்து அறை போட்டுவிடு. கனமான திரைச்சீலை உள்ள அறையாகக் கேள். அந்தச் செலவை நிகழ்ச்சிக் கணக்கில் பூ, மேக்கப் செலவுக்கு அடுத்த வரியில் எழுதிவிடு. பணம் போதாவிட்டால் என்னிடம் கேள்.

அன்புடன்,
உன் அக்கா