கார்டு இருந்தால் மட்டும் போதுமா?



"இன்சூரன்ஸ் கார்டுதான் இருக்கே, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனா என்ன?" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கார்டு பீரோவில் பத்திரமாக இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் என்றதும் தோடு அடகுக்குப் போகிறது. உள்கடன் போதாமல் கந்துவட்டிக்கும் கை நீட்ட வேண்டி வருகிறது. சேருவதற்கு முன்பே நாலு கேள்வி கேட்டால் இந்தக் கடனில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

திட்டம் என்ன சொல்கிறது?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 ஜனவரியில் தொடங்கியது. 2018-ல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் இதில் சேரலாம். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கும். பணத்தை ஆஸ்பத்திரிக்கே கட்டிவிடுவார்கள், நம் கைக்கு வராது.

டாக்டர் வேறு, ஆஸ்பத்திரி வேறு

இதைத்தான் நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். திட்டத்தில் அங்கீகாரம் பெறுவது ஆஸ்பத்திரிதான். கிளினிக்கில் நம்மைப் பார்க்கும் டாக்டர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், அவர் "இங்கே போய்ச் சேருங்க" என்று எழுதிக் கொடுக்கும் ஆஸ்பத்திரி திட்டத்தில் இல்லாமல் இருக்கலாம். அதே டாக்டர் திட்டத்தில் உள்ள இன்னொரு ஆஸ்பத்திரியிலும் ஆபரேஷன் செய்பவராக இருக்கலாம். "ஐயா, கார்டு செல்லும் ஆஸ்பத்திரி எதிலாவது நீங்க பார்க்கிறீங்களா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

இன்னொன்று: அங்கீகாரம் பிரிவு வாரியாகத் தரப்படுகிறது. கண்ணுக்குக் கார்டு செல்லும் இடத்தில் எலும்பு முறிவுக்குச் செல்லாமல் போகலாம். சில சிகிச்சைகள் அரசு மருத்துவமனைகளுக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டுள்ளன. சாதாரண காய்ச்சலுக்கு வெளிநோயாளியாகப் போய் ஊசி போடுவது இதில் வராது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

1. இந்த ஆஸ்பத்திரி இப்போதும் திட்டத்தில் இருக்கிறதா? (போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம்.)
2. எனக்குச் சொல்லியிருக்கும் இந்தச் சிகிச்சைக்குக் கார்டு செல்லுமா?
3. என்னைப் பார்க்கும் இந்த டாக்டரே கார்டில் செய்வாரா?
4. முன் அனுமதி வாங்க என்னென்ன தாள்கள் வேண்டும்?

டாக்டரின் அறையில் பதில் கிடைக்காவிட்டால், ஆஸ்பத்திரியில் உள்ள காப்பீட்டுத் திட்டக் கவுண்ட்டரில் கேளுங்கள். வீட்டிலிருந்தே கேட்க 1800 425 3993 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது. யார் எங்கே, எந்தத் தேதியில், என்ன பதில் சொன்னார்கள் என்று குறித்து வையுங்கள்.

பணம் கேட்டால்?

அனுமதி கிடைத்த சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் "எதற்கு?" என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் ஒரு ரூபாயும் தராதீர்கள். மேலே சொன்ன எண்ணிலேயே புகாரும் சொல்லலாம்.

அரசு ஆஸ்பத்திரியை மறக்க வேண்டாம்

"அங்கே எல்லாமே இலவசம்தானே, கார்டு எதுக்கு?" என்று விட்டுவிடாதீர்கள். அரசு மருத்துவமனைகளும் திட்டத்தில் உள்ளன. நாம் கார்டைக் காட்டினால் காப்பீட்டுத் தொகை அந்த மருத்துவமனைக்குப் போகும். நம் ஊர் ஆஸ்பத்திரிக்குத்தானே நல்லது!

அவசரம் என்றால்

உயிருக்கு ஆபத்து என்றால் கேள்வி கேட்டு நிற்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். முதலில் சேருங்கள், அன்றே கார்டைக் காட்டுங்கள். சாலை விபத்துக்கு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில், அங்கீகரித்த ஆஸ்பத்திரிகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை கார்டு இல்லாதவர்களுக்கும் இலவசம்.

இந்த மாதக் கூட்டத்தில் செய்வோம்

• எத்தனை பேரிடம் கார்டு இருக்கிறது? இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்துக்குச் சேர்ந்தே போவோம்.
• குடும்பத்தார் பெயர் எல்லாம் ரேஷன் கார்டில் இருக்கிறதா? பிள்ளைகள் பெயர் விட்டுப்போயிருந்தால் இப்போதே சேர்ப்போம்.
• நம் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிரிவுக்குக் கார்டு செல்லும்? இரண்டு பேர் பொறுப்பெடுத்துக் கேட்டு வந்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வைப்போம்.

நோய் சொல்லிக்கொண்டு வராது. விவரத்தை நாம் முன்கூட்டியே தெரிந்து வைப்போம், தோழிகளே!