தவளை வீட்டில் வாய்க்காலும் வடிகாலும்

‘தவளை தன் வாயால் கெடும்’ என்பது பழமொழி. தவளை தன் தோலாலும் கெடும் என்பது விலங்கியல் கற்பிக்கும் பாடம். தவளை வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றிலும் தொடைகளின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே, அது அமர்ந்திருக்கும் ஈரத் தரையே அதன் தண்ணீர்ப் பானை. அத்தரை அழுகினால், அந்த அழுகல் நீரையே அது குடிக்க நேரும்.

ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையை எடுத்துக்கொள்வோம். 1790இல் மருத்துவர் ஜான் ஒயிட் தம் நூலில் விவரித்த இத்தவளை, இன்று பல நாடுகளில் வீடுகளில் வளர்க்கப்படுகிறது. சுமார் 10 செ.மீ. நீளம் வளரும், நன்கு பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். அத்தனை ஆண்டுகளும் அதன் நலம் தொட்டியின் அடித்தளத்தைச் சார்ந்தது.

வடிகால் அடுக்கு

தொட்டியின் அடியில் 5 செ.மீ. உயரத்திற்குக் கழுவிய கூழாங்கல் அல்லது சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்ப வேண்டும். அதன்மேல் நைலான் வலை; வலையின் மேல் தென்னை நார்த்தூள். வலை இல்லையேல் நார்த்தூள் இறங்கிக் கல் இடுக்குகளை அடைத்துவிடும். ஒரு மூலையில் சிறு குழாயை நிறுத்தி வைத்தால், அதன் வழியே ரப்பர்க் குழாய் விட்டுத் தேங்கிய நீரை வெளியேற்றலாம்.

தேங்கும் நீர் எப்போதும் வலைக்குக் கீழேயே நிற்க வேண்டும். இதை ஒரு கண்ணாடிக் குடுவையில் செய்து பார்த்தேன். நீர்மட்டம் வலைக்குக் கீழே இருந்தவரை நார்த்தூள் வெறும் ஈரமாகவே இருந்தது. நீர் வலையைத் தொட்டதும் நுண்புழை ஏற்றத்தால் மேலேறி, நார்த்தூள் முழுவதும் சேறாயிற்று. சேற்றில் காற்றில்லை, காற்றில்லாத இடத்தில் அழுகல் பாக்டீரியாக்கள் பெருகும்.

நீர்ப்பகுதி

சிலர் அழகு கருதி, வடிகால் நீரையே ஒரு பக்கம் திறந்து குளமாக்குகின்றனர். இது முறையன்று. தவளை கழிக்கும் யூரியாவைப் பாக்டீரியாக்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. மண்ணில் இறங்கும் நீர் அதையும் கொண்டு வடிகாலில் சேர்கிறது. பள்ளிக்கூடம் சென்றிராத என் தந்தை, “பாயுற தண்ணி வேற, வடியுற தண்ணி வேற” என்று சொல்லித்தான் வயலில் வாய்க்காலையும் வடிகாலையும் தனித்தனியே வெட்டுவார். அந்த அறிவு கண்ணாடித் தொட்டிக்கும் பொருந்தும்.

எனவே, எடுத்துக் கழுவக்கூடிய அகன்ற தட்டே சிறந்த நீர்ப்பகுதி. ஆழம், அமர்ந்த தவளையின் உயரத்தைத் தாண்ட வேண்டாம். ஏறிவரச் சரிவாக ஒரு கல் வைக்க வேண்டும். நீரை நாள்தோறும் மாற்ற வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் 24 மணி நேரம் திறந்து வைத்தால் பெரும்பாலும் வெளியேறிவிடும். குளோரமின் அவ்வாறு போகாது. அதற்குரிய மருந்தைக் கலக்க வேண்டும்.

கழிவுநீர் எங்கே?

வெளியேற்றிய நீரைக் குளத்திலோ கால்வாயிலோ கொட்டக் கூடாது. 1999இல் பெயரிட்டு விவரிக்கப்பட்ட கைட்ரிட் பூஞ்சையின் வித்துகள் நீரில் நீந்திப் பரவுபவை. அது தவளையின் தோலைத் தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து, இதயத்தையே நிறுத்திவிடும். உலகில் பல தவளை இனங்கள் இதனால் அழிந்துள்ளன. பிளீச்சிங் பவுடர் கலந்து நுண்ணுயிர் நீக்கிய பிறகே கழிவுநீரை அகற்ற வேண்டும்.

நண்பர்களே, இதைப் படித்துவிட்டு வயல் தவளையைப் பிடிக்கப் புறப்பட வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காக்கும் இனங்கள் அவற்றுள் உண்டு. அவற்றுக்கு நாம் தொட்டி அமைக்கத் தேவையில்லை. அவை அமரும் ஈரத்தில் பூச்சி மருந்துப் புட்டிகளைக் கழுவாதிருந்தாலே போதும். அந்த நீரையும் அவை தோலால்தான் குடிக்கின்றன.