மருந்தகத்தில் வாங்கும் மாத்திரை வந்த வழி

"இங்கே கொடுக்கும் மாத்திரையில் வீரியம் இருக்குமா, டாக்டர்?" என்று புறநோயாளிகள் பிரிவில் எங்களிடம் பலர் கேட்பதுண்டு. இந்த ஐயத்தால் இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு, பின்னர் பக்கவாதத்துடன் வருவோரையும் காண்கிறோம். ஆகவே, அம்மாத்திரை உங்கள் கைக்கு வரும் வழியை இங்கு விளக்குகிறோம்.

தமிழகத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கி வழங்குவதற்காக 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் நிறுவப்பட்டது. மாநிலம் முழுவதற்குமான தேவையை ஒன்றாகக் கணக்கிட்டு, ஒப்பந்தப்புள்ளி கோரி, வணிகப் பெயரில் அல்லாது மருந்தின் மூலப்பெயரிலேயே கழகம் வாங்குகிறது. பேரளவில் வாங்குவதாலும், விளம்பரச் செலவு சேராததாலும் விலை குறைகிறது. குறைந்த விலைக்குக் காரணம் இதுவே, தரக்குறைவு அன்று.

வந்திறங்கும் மருந்து உடனே மருத்துவமனைக்கு வருவதில்லை. கிடங்கில் தனியே வைக்கப்பட்டு, ஒவ்வொரு தயாரிப்புத் தொகுதியிலிருந்தும் மாதிரி எடுக்கப்படுகிறது. தயாரித்த நிறுவனத்தின் பெயரை மறைத்து அம்மாதிரி ஆய்வகத்துக்கு அனுப்பப்படுகிறது. சோதனையில் தேறிய பின்னரே மருந்து வழங்கப்படும்.

நிதிக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் உள்ளதுபோல் ஒரு பாஸ்புக் உண்டு. அரசின் ஒதுக்கீடு அதில் வரவு. கிடங்கிலிருந்து பெறும் மருந்தின் மதிப்பு பற்று. வீட்டு அலமாரியில் உண்ணாமல் கிடக்கும் மாத்திரையும் அக்கணக்கில் பற்றாகிவிட்டதே. அது இன்னொரு நோயாளிக்குப் பயன்பட்டிருக்கக்கூடியது.

நோயாளிகளும் குடும்பத்தாரும் மூன்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம்.

முதலாவது, மாத்திரையின் நிறமோ வடிவமோ மாறினால் அஞ்சி நிறுத்தாதீர்கள். வழங்கும் நிறுவனம் மாறியிருக்கலாம். அட்டையிலுள்ள மூலப்பெயரும் மில்லிகிராம் அளவும் மருந்துச்சீட்டோடு ஒத்திருக்கின்றனவா என்று மருந்தாளுநரிடம் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, மாத்திரை மீதமிருந்தால் அடுத்த முறை மறைக்காமல் கூறுங்கள். உண்ணாததற்குக் கடிந்துகொள்ள மாட்டோம். காரணம் அறிந்தால்தான் மருத்துவத்தைத் திருத்த இயலும்.

மூன்றாவது, ஏதேனும் மருந்து இருப்பில் இல்லையெனில் வெறுங்கையுடன் வீடு திரும்பாதீர்கள். அன்றே எங்களிடம் தெரிவித்தால் மாற்று வழி காண்போம்.

அட்டையின்மேல் 'விற்பனைக்கு அன்று' என்று அச்சிட்டிருப்பதால் அது விலையற்றது என எண்ண வேண்டா. அதன் விலையை நம் அனைவரின் வரிப்பணம் முன்னரே செலுத்திவிட்டது. அதன் பயன், நாள் தவறாமல் உண்பவரையே சேரும்.