சாம்பல் குளத்தில் இறங்கும் பறவைகள்

சுங்கை புரோங் என்ற பெயரிலேயே பறவை இருக்கிறது. ஆனா நம்ம கடற்கரைக்கு வரும் பறவைகள் ஓய்வெடுக்கும் முக்கியமான இடம் எது தெரியுமா? தெற்கே காப்பாரில் உள்ள சுல்தான் சலாஹுடின் அப்துல் அசிஸ் மின்நிலையம். நிலக்கரியும் எரிக்கும் நிலையம்!

காரணம் எளிது. செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை சைபீரியா பக்கமிருந்து உள்ளான் வகைப் பறவைகள் இங்கே வலசை வருகின்றன. கடல் வற்றும்போது சேற்றில் புழு, நண்டு தேடித் தின்னும். கடல் ஏறினால் சேறு மூழ்கிவிடும். இவற்றில் பெரும்பாலானவை மரத்தில் உட்காருவதில்லை. எதிரி வருவது தெரியும்படி திறந்த வெளி, கணுக்கால் அளவு தண்ணீர் வேண்டும். கரையோரமெல்லாம் தடுப்புக்கரை கட்டி வயலும் தோட்டமும் ஆக்கிய பிறகு அப்படிப்பட்ட இடம் எங்கே இருக்கு?

மின்நிலையத்தில் இருக்கு. எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து தேக்கும் குளங்கள் அவை. நோர்ட்மன் பச்சைக்காலிகூட அங்கே பதிவாகியுள்ளது. உலகம் முழுவதிலும் அதன் எண்ணிக்கை ஏறக்குறைய 2,000தான்.

இதற்காக நிலையத்தைப் புகழ வேண்டியதில்லை. சாம்பலில் ஆர்சனிக், ஈயம் எல்லாம் உண்டு. பறவைக்காக யாரும் அந்தக் குளத்தை வெட்டவும் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளக்கூடாதென்று ஊரே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. அங்கே காப்பது ஊர்க் கட்டுப்பாடு. காப்பாரில் காப்பது வெறும் பாதுகாப்பு வேலி! நாய், மனிதர் நடமாட்டம் குறைவு, அவ்வளவுதான்.

பொறியியல் மாணவன் என்ற முறையில் என்னை உறுத்துவது வேறு. குளத்தில் தண்ணீர் கூடினால் பறவைக்குக் கால் எட்டாது. வற்றினால் புல் மண்டிவிடும். ஆக, தண்ணீர் மட்டத்தைக் கவனிக்கிறவர் கையில்தான் எல்லாம். நிலக்கரி மின்நிலையங்களைப் படிப்படியாக மூடுவதென்பது அரசாங்கத்தின் திட்டம். காற்றுக்கு நல்லதுதான். ஆனால் வழக்கப்படி சாம்பல் குளத்தை மண் போட்டு மூடிவிட்டால், கடல் ஏறும் நேரத்தில் இவை எங்கே இறங்கும்? நச்சுச் சாம்பலை அகற்றிவிட்டு, அதே அளவில் ஒரு சுத்தமான ஆழமற்ற குளம் விடலாம். மதகும் கரையும் போதும். பெரிய தொழில்நுட்பம் இல்லை. மூடும் திட்டத்தை வரையும்போதே அதை எழுதிச் சேர்க்க வேண்டும், பிறகு கேட்டால் நிலம் வேறு வேலைக்குப் போயிருக்கும்.

அடுத்த படிப்பு வட்டத்துக்கு ஒரு வேலை: கடல் ஏற்ற அட்டவணையைப் பாருங்க. கடல் ஏறுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாடியே சுங்கை புரோங் தடுப்புக்கரையில் நின்று, பறவைகள் எந்தத் திசையில் கிளம்புகின்றன என்று குறித்து வாருங்கள்.